லத்தீன் சிலுவையும் எளிய மராத்தியும்: பண்டித ரமாபாய் எதை ஒப்புக்கொடுத்தார்?

'ஒப்புக்கொடுத்தல்' என்பது கிறிஸ்தவ வழக்கில் மிக இயல்பாகப் புழங்கும் சொல். தன் விருப்பத்தைக் கீழே வைத்துத் தேவசித்தத்தை ஏற்றுக்கொள்வது அதன் பொருள். கெத்செமனே தோட்டத்து ஜெபம் அதற்கு முன்மாதிரி. ஆயினும் இச்சொல் வரலாற்றில் வானத்தை நோக்கி மட்டும் சொல்லப்பட்டதில்லை. தேவசித்தம் இன்னதென்று எடுத்துரைக்கும் அதிகாரம் தமக்குண்டு என்று கருதியவர்கள் எப்போதும் நடுவே நின்றிருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழ்ப்படிவதும் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பதும் ஒன்றுதானா? பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் இக்கேள்வியைத் தன் வாழ்க்கையாலேயே எதிர்கொண்டவர் பண்டித ரமாபாய்.

1858இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், இன்றைய கர்நாடகத்தின் கங்காமூலாவில் பிறந்தவர் ரமாபாய். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே வைதீகப் பிராமணர். ஆனால் வைதீகர்களின் எதிர்ப்பை மீறித் தன் மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்தவர். அந்தத் தாயிடமே ரமாபாய் சமஸ்கிருதம் கற்றார். வீடும் நிலமும் இழந்த குடும்பம் தலந்தோறும் சென்று புராணம் வாசித்துப் பிழைத்தது. 1870களின் பஞ்சகாலத்தில் தந்தை, தாய், தமக்கை மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். தந்தை தன் இறுதிநாளில் இளைய மகளை அருகழைத்து, அவளைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டதாகவும் அவள் அவருக்கே உரியவளாய் இருந்து அவரையே சேவிக்க வேண்டும் என்றும் சொன்னதை, பிற்காலத்தில் எழுதிய தன் சாட்சியத்தில் ரமாபாய் நினைவுகூர்கிறார். ஒப்புக்கொடுத்தல் என்னும் கருத்து அவருக்கு மிஷனரிகளிடமிருந்து வந்ததன்று. பட்டினியால் இறந்துகொண்டிருந்த ஒரு வைணவ பக்தரிடமிருந்து வந்தது.

அண்ணன் சீனிவாசனுடன் நாடெங்கும் கால்நடையாய் அலைந்த அவர் 1878இல் கல்கத்தா சேர்ந்தார். பாகவதத்தை மனப்பாடமாகச் சொன்ன இளம்பெண்ணைக் கண்டு வியந்த அறிஞர்கள் 'பண்டிதை', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை அளித்தனர். பெண்களுக்கு அவர்களின் கடமையை எடுத்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டதால் அங்கேதான் அவர் தர்மசாஸ்திரங்களை ஆழ்ந்து படித்தார். பல விஷயங்களில் முரண்படும் அந்நூல்கள் ஒரு விஷயத்தில் உடன்படுவதை அவர் கண்டார்: பெண் இழிந்தவள்; கணவனைத் தெய்வமாய் வழிபடுவதன்றி அவளுக்கு வேறு கதியில்லை. சரணாகதி என்னும் உயர்ந்த சொல்லுக்குள் ஒரு மனிதனுக்கான அடிமைத்தனம் ஒளிந்திருக்கக் கூடும் என்பதை அவர் முதலில் அறிந்தது இவ்வாறே.

1880இல் அண்ணன் இறந்தார். அவ்வாண்டிலேயே, சாதியாலும் மொழியாலும் வேறுபட்ட வங்காள வழக்கறிஞர் விபின் பிகாரி தாஸை ரமாபாய் மணந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் காலரா அவரையும் கொண்டுபோயிற்று. கைக்குழந்தை மனோரமாவுடன் 1882இல் புனே வந்த ரமாபாய் ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். ஹன்டர் கல்விக் குழுவின்முன் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களும் பெண் ஆசிரியர்களும் தேவை என்று சாட்சியம் அளித்தார். தானே மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பமாயிற்று. 1883இல் இங்கிலாந்து சென்றார். செவித்திறன் குறைந்துவந்ததால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. அவர் கைவிட நேர்ந்த முதற்பெரும் கனவு அது.

வான்டேஜ் நகரின் ஆங்கிலிக்கன் கன்னியர் இல்லத்தில் தங்கிய ரமாபாய், 1883 செப்டம்பர் 29 அன்று மகளுடன் ஞானஸ்நானம் பெற்றார். சமூகம் வீழ்ந்தவர்கள் என்று ஒதுக்கிய பெண்களை அக்கன்னியர் அன்போடு பராமரித்ததும், கிணற்றடியில் இயேசு சந்தித்த சமாரியப் பெண்ணின் வரலாறும் தன்னை ஈர்த்ததாக அவர் எழுதியுள்ளார். அதன்பின் தொடங்கியது ஒரு நீண்ட மோதல். அதன் தடயம், ஞானத்தாயாக இருந்த சகோதரி ஜெரால்டினுக்கும் அவருக்கும் இடையிலான கடிதங்களில் உள்ளது. 1977இல் ஏ. பி. ஷா பதிப்பித்த அத்தொகுதி, காலனியத் திருச்சபையின் உளவியலை அறிய விரும்புவோர் படிக்க வேண்டிய ஆவணம்.

திரித்துவக் கோட்பாடு குறித்து ரமாபாய் வினா எழுப்பினார். விசுவாச அறிக்கைகளை ஆராயாமல் ஏற்க மறுத்தார். மரக்கறி உணவையும் விடவில்லை. செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் இருந்தபோது ஆண்களுக்கும் அவர் பாடம் சொல்லித்தரும் வாய்ப்பு வந்தது; இந்தியாவிலிருந்த ஆயர்கள் அதை எதிர்த்தனர். இந்திய அவைகளில் ஆண்களின் நடுவே பேசிப் பழகிய ரமாபாய்க்கு இத்தடை விளங்கவே இல்லை. ஜெரால்டினின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: அகந்தை, சுயசித்தம். கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தவள் திருச்சபை நியமித்தவர்களுக்குப் பணிய வேண்டாமா என்பது அவர் வாதம். புரோகிதர்களின் நுகத்தடியிலிருந்து இப்போதுதான் விடுபட்டுள்ள நிலையில் அதைப்போன்ற இன்னொரு நுகத்தைத் தோளில் ஏற்க இயலாது என்பது ரமாபாயின் மறுமொழியாய் இருந்தது. கடவுளின் குரலைக் கேட்கத் தனக்கும் மனச்சாட்சி உண்டு என்று அவர் நம்பினார்.

இம்மோதலில் ஒரு சிறு செய்தி மொழி வரலாற்றில் ஆர்வமுள்ளோரை நிறுத்தும். அணிந்துகொள்ள அவருக்குக் குறிக்கப்பட்ட சிலுவையில் லத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. தனக்கும் தன் நாட்டுமக்களுக்கும் தெரியாத அம்மொழி எதற்கு என்றும், சமஸ்கிருதத்தைவிட லத்தீன் எவ்வகையில் புனிதமானது என்றும் ரமாபாய் கேட்டார். அன்று சமஸ்கிருதம் அவருடைய மானம். தந்தை ஊரை எதிர்த்துத் தாய்க்குத் தந்த சொத்து. அதை ஆயர்களின் பொருட்டு அவர் விடவில்லை.

1886இல் ஆனந்திபாய் ஜோஷியின் மருத்துவப் பட்டமளிப்பைக் காண அமெரிக்கா சென்ற ரமாபாய், மறு ஆண்டில் வெளியிட்ட 'உயர்சாதி இந்துப் பெண்' என்னும் ஆங்கில நூல் வழியாகவும் பயணச் சொற்பொழிவுகள் வழியாகவும் நிதி திரட்டினார். 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் விதவைகளுக்கான சாரதா சதன் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புனேவுக்கு மாறியது. சமய நடுநிலை அதன் விதி. ரானடே, பண்டார்க்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் துணைநின்றனர். ஆனால் ரமாபாய் கதவைத் திறந்துவைத்து ஜெபித்தார். மாணவியர் சிலர் வந்தமர்ந்தனர். 1893இல் புயல் எழுந்தது. ஆலோசனைக் குழுவினர் விலகினர். பல மாணவியரைப் பெற்றோர் அழைத்துக்கொண்டனர். நம்பி அனுப்பிய குடும்பங்களின் கோபத்தில் நியாயமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. எவ்வாறாயினும், புனேயின் அறிவுலகம் தந்த மதிப்பை ரமாபாய் இழந்தார். அதற்குச் சற்றுமுன், 1891அளவில், தான் கிறிஸ்தவ சமயத்தைக் கண்டடைந்தும் கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்னும் உணர்வு தனக்குள் எழுந்ததாகவும், அதன்பின்னரே தன்னை முழுமையாய் ஒப்புக்கொடுத்ததாகவும் அவர் பதிவுசெய்கிறார்.

அந்த ஒப்புக்கொடுத்தலின் பொருள் 1896–97 பஞ்சத்தில் தெரிந்தது. மத்திய மாகாணங்களுக்குச் சென்ற ரமாபாய், எலும்புக்கூடுகளாய் நின்ற பெண்களிலும் சிறுமியரிலும் தன் இளமையையே கண்டார். முந்நூறு பேரைக் காப்பாற்றுவது என உறுதிபூண்டு, புனேவுக்கு அருகிலுள்ள கேட்காவ் கிராமத்து நிலத்தில் அவர்களைக் குடியேற்றினார். அதுவே முக்தி மிஷன். அதுவரை அவர் பணி உயர்சாதி விதவைகளை மையமாகக் கொண்டது; இனி எல்லாச் சாதிப் பெண்களும் வந்தனர். சில ஆண்டுகளில் அங்கிருந்தோர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. நெசவு, வேளாண்மை, அச்சுத்தொழில் எனப் பல வேலைகளை அவர்கள் கற்றனர்.

இவர்களுக்கு வேதாகமத்தை வாசித்துக்காட்டியபோதுதான் புதிய சிக்கல் எழுந்தது. வழக்கிலிருந்த மராத்தி மொழிபெயர்ப்பு சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்தது. கிராமத்துப் பெண்ணுக்கு எட்டாதது. நாற்பது வயதைக் கடந்த ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூலத்திலிருந்தே எளிய மராத்தியில் பெயர்க்கத் தொடங்கினார். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் நீடித்த உழைப்பு அது. இந்து தத்துவச் சாயல் ஏறிய வடசொற்களை ஒவ்வொன்றாய் விலக்கி, பேச்சுமொழியில் அவற்றுக்கு ஈடு தேடினார். அச்சுக்கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் முக்தியின் பெண்களே.

லத்தீனுக்கு எதிராகச் சமஸ்கிருதத்தை உயர்த்திப்பிடித்த அதே பெண், எழுதப்படிக்க அப்போதுதான் கற்ற ஏழைப் பெண்களுக்காகச் சமஸ்கிருதத்தை இறக்கிவைத்தார். இவ்விரு செயல்களுக்கும் இடையே முரண்பாடில்லை. அதிகாரம் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. எளியவர்களுக்குத் தேவைப்பட்டபோது கேளாமலே கொடுத்தார். ஜெரால்டின் சுயசித்தம் என்று கண்டித்த அதே உறுதிதான் அவரைக் கேட்காவ் வயல்வெளிவரை கொண்டுசேர்த்தது. ஒப்புக்கொடுப்பதற்கு முதலில் ஒருவருக்குச் சொந்தமாக ஒரு சித்தம் இருக்க வேண்டும். அதைப் பிறர் பறித்துக்கொள்வது ஒப்புக்கொடுத்தல் ஆகாது.

இறுதி இழப்பு அவர் தேர்ந்ததன்று. தனக்குப்பின் பொறுப்பேற்பாள் என்று அவர் நம்பியிருந்த மனோரமா 1921 ஜூலையில் காலமானார். மெய்ப்புத் தாள்களோடு உழைத்துக்கொண்டிருந்த ரமாபாய், 1922 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். முழு வேதாகமம் 1924இல் வெளிவந்தது. திருச்சபைகளில் அது பெருவழக்குப் பெறவில்லை. ஆனால் அதன் பக்கங்களை அச்சுக்கோத்த பெண்களுக்கு அது புரிந்தது. அவர் அதை மொழிபெயர்த்ததும் அவர்களுக்காகத்தான்.