அம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷனா? தேதி வரும்வரை இதையெல்லாம் கவனிங்க!

ராத்திரி ரெண்டு மணி. ஃபேன் ஃபுல் ஸ்பீடுல ஓடுது. ஆனாலும் அம்மா எழுந்து உட்கார்ந்து முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிறாங்க. ‘ஒடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது கண்ணு’ன்னு சொல்றாங்க. சேலத்து வெயில்தானேன்னு நீங்க திரும்பிப் படுத்துக்கிறீங்க. மார்கழியிலும் அம்மா அதையே சொன்னா, அது வெயில் இல்லை.

குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறியிலோ, சேலம் கொலுசுப் பட்டறையிலோ, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையிலோ உழைக்கிற 45 வயதைத் தாண்டிய பெண்களில் சிலருக்கு ரெண்டு பிரச்னையும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒரு பக்கம் மெனோபாஸ் நெருங்கும். இன்னொரு பக்கம் கர்ப்பப்பையில் நார்க்கட்டி, பெரும்பாடு, அல்லது ‘அடி இறங்குது’ என்று பெண்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் கர்ப்பப்பை இறக்கம். டாக்டர் ஆபரேஷன் என்று சொல்லியிருப்பார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதல் எல்லாம் முடிந்து தேதி கிடைக்க வாரங்கள் ஆகலாம், சில சமயம் மாதங்களும் ஆகலாம். அதுவரை வீட்டில் எல்லோரும் சொல்லும் ஆறுதல், ‘ஆபரேஷன் முடிஞ்சா எல்லாம் சரியாப் போயிடும்.’

இந்த ஆறுதலில்தான் சிக்கல். ரத்தப்போக்கு நிற்கும், உண்மைதான். ஆனால் உடம்பு கொதிப்பது, வியர்ப்பது, தூக்கம் வராதது, சட்டென்று எரிச்சல் வருவது ஆகியவை கர்ப்பப்பையால் வருவதில்லை. சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் வருபவை. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் அவை அப்படியே தொடரும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால், பல வருடங்களில் மெதுவாக நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடும். அப்போது கொதிப்பு இன்னும் கடுமையாக வரலாம். இது தெரியாமல் ஆபரேஷன் செய்துகொண்டு, ‘ஏதோ தப்பாயிடுச்சு’ என்று பயப்படுபவர்கள் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டியைச் சுருக்கவும் ரத்தப்போக்கை நிறுத்தவும் சிலருக்கு ஆபரேஷனுக்கு முன் லியூப்ரோலைடு போன்ற ஊசி போடுவார்கள். அது சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். அதனால் மெனோபாஸ் அறிகுறிகள் அத்தனையும் சில வாரங்களில் வந்துவிடும். ஊசி போட்ட பிறகுதான் கொதிப்பு ஆரம்பித்தது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்க. எலும்பு தேயும் என்பதால் இந்த ஊசியை வழக்கமாக சில மாதங்களுக்கு மேல் தொடர மாட்டார்கள்.

சரி, இப்போ என்ன பண்றது?

முதலில் கொதிப்பு. பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும், ஆனால் ஒரு நாளில் பல தடவை வரலாம். வெளிச்சூடு, காரம், சூடான டீ, காபி, பதற்றம் இதையெல்லாம் தூண்டும். மாலையில் ரெண்டு பிளேட் தட்டுவடை செட்டும் கொதிக்கக் கொதிக்க டீயும் உள்ளே போனால் ராத்திரி தூக்கம் போவதில் ஆச்சர்யம் இல்லை. (சேலத்துக்காரர்களிடம் தட்டுவடை செட்டை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. காரச் சட்னியைக் குறைக்கலாம்.) நைலக்ஸுக்குப் பதில் பருத்திப் புடவை, பக்கத்தில் எப்போதும் தண்ணீர் பாட்டில், கழுத்தில் ஈரத்துண்டு. கொதிப்பு தொடங்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு என்ற கணக்கில் மெதுவாக இழுத்து விடுவது சிலருக்கு உதவும். தறி ஓடும்போது நினைத்தபோதெல்லாம் ஃபேனைத் தேடிப் போக முடியாது. மதிய ஷிஃப்ட்டைக் காலைக்கு மாற்றித் தரச்சொல்லி கேட்க அம்மா கூச்சப்பட்டால், நீங்க கேளுங்க.

இதற்கும் அடங்கவில்லை என்றால் மருந்து இருக்கிறது. ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கித் தராதீங்க. ஹார்மோன் மாத்திரை சிலருக்கு நார்க்கட்டியை வளர்க்கலாம், ஆபரேஷன் சமயத்தில் ரத்தக்கட்டு வரும் ஆபத்தையும் கூட்டலாம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக மாசத்தைத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரையும் ஹார்மோன்தான். நாட்டு மருந்து, சோயா கேப்ஸ்யூல் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

இறக்கப் பிரச்னை இருப்பவர்களுக்கு, ஆபரேஷன் வரை தாங்கிப் பிடிக்க ரிங் பெசரி என்ற வளையம் வைக்கலாம். வறட்சி, எரிச்சலுக்கு உள்ளே தடவும் க்ரீமும் டாக்டர் எழுதித் தருவார். இதைக் கேட்க வெட்கப்பட்டு மாதக்கணக்கில் கஷ்டப்படத் தேவையில்லை.

அடுத்தது ரத்தம். ஆபரேஷன் தள்ளிப்போக முக்கியமான காரணம் ஹீமோகுளோபின் குறைவு. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் மட்டுமே இதைச் சரிசெய்யாது. ஜவ்வரிசி நம்ம ஊர்ப் பெருமை, ஆனால் அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. நாமக்கல் முட்டை புரதத்துக்கு நல்லது, இரும்புச்சத்துக்கு அதை நம்ப முடியாது. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி கைகொடுக்கும். மற்றவர்களுக்கு முருங்கைக்கீரையுடன் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய். இரும்புச்சத்து மாத்திரையை டீ, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசியாகவே ஏற்றலாம்.

சர்க்கரை, பிரஷர் கூடினாலும் தேதி தள்ளிப்போகும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஊழியர் வரும் நேரத்தில் அம்மா வேலைக்குப் போயிருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்களே கூட்டிப்போய் பார்த்துடுங்க.

டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டியவை

‘சினைப்பையையும் எடுக்கிறீங்களா டாக்டர்? எதுக்காக?’ இதுதான் முதல் கேள்வி. 45 வயதுக்குள் அதை எடுத்துவிட்டு ஹார்மோனும் தராவிட்டால் எலும்புத் தேய்மானம், இதய நோய் ஆபத்து கூடும். புற்றுநோய் சந்தேகம் போன்ற காரணம் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதை ஆபரேஷனுக்கு முன்பே அம்மா தெரிந்துகொள்ளட்டும். அடுத்து, கர்ப்பப்பையின் உள்சுவர் பயாப்ஸி பார்த்தாச்சா? கர்ப்பப்பையை எடுக்காமல், ஹார்மோன் காயில் போன்ற வேறு வழி இருக்கிறதா?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவதாக எழுந்த வழக்கில், மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. மாதவிடாய் முற்றிலும் நின்றால் நார்க்கட்டி பெரும்பாலும் தானாகச் சுருங்கும் என்பதால், சிலருக்குக் கொஞ்சம் காத்திருப்பதே போதுமானதாகவும் இருக்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இரண்டாவது கருத்து கேட்க முடியும். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்க.

தேதி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. மணிக்கு ஒரு பேட் வீதம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் நனைவது, பெரிய கட்டிகளாக ரத்தம் போவது, மயக்கம், மூச்சிரைப்பு, காய்ச்சலோடு அடிவயிற்று வலி, ஒரே கால் மட்டும் வீங்கி வலிப்பது. இதில் எது இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்க. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்கணும். ‘உடம்பு சூடு’ என்று விட்டுவிடக் கூடாது. தூக்கமில்லாமல் மனசு உடைந்து அம்மா அழுதுகொண்டே இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து உங்க போனில் வைங்க. அதில் ‘பைலேட்டரல் சால்பிங்கோ ஊஃபரெக்டமி’ என்றோ, சுருக்கமாக ‘பி.எஸ்.ஓ’ என்றோ இருந்தால் ரெண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் தையல் பிரிக்கப் போகும் அன்றே கொதிப்புக்கும் எலும்புக்கும் என்ன மருந்து என்று கேட்டுடுங்க.