ஏரியை வெட்டியது யார்?

தெற்கு டெல்லியில் ஹௌஸ் காஸ் ஏரியைச் சுற்றி நடக்கச் சிரமமே இல்லை. மான் பூங்கா வழியாகப் போனால் மரநிழலில் சமதளப் பாதை. ஏரியின் தென்கிழக்கு மூலையில் டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் கல்லறை. அதன் இரு பக்கமும் கை விரித்தாற்போல 1352-ல் அவர் எழுப்பிய மதரசா. அங்கிருந்து நீரை நோக்கிப் படிகள் இறங்குகின்றன. இந்தக் கோலத்தைப் பார்ப்பவர்களுக்கு ஏரியை வெட்டியவரும் அவர்தான் என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எலியட்டும் டௌசனும் தொகுத்த இந்திய வரலாற்று வரிசையின் மூன்றாம் தொகுதியைப் புரட்டியபோது அந்த எண்ணத்துக்குத் துணையாகப் பெரிய சாட்சியே கிடைத்தது. 1398 டிசம்பரில் டெல்லிப் படையை முறியடித்த தைமூர் இந்தக் கரையில்தான் பாளையம் இறங்கினார். இது ஃபிரோஸ் ஷா கட்டிய குளம் என்கிறது அவர் பெயரில் வழங்கும் தன்வரலாறு. ஒவ்வொரு பக்கமும் அம்பு பாயும் தொலைவுக்கு மேல், சுற்றிலும் கல்லும் காரையும், மழையில் நிரம்பினால் ஊருக்கு ஆண்டு முழுக்கத் தண்ணீர் என்று விவரமும் தருகிறது.

அதே தொகுதியில், தைமூருக்கு முந்தைய இயல் ஃபிரோஸ் ஷா தானே எழுதிய ‘ஃபுதூஹாத்’. அதைப் படித்ததும் வழக்கு தலைகீழானது. தாம் செப்பனிட்ட பழைய பணிகளை வரிசையாகச் சொல்லிவரும் சுல்தான், இந்தக் குளத்தை ‘ஹௌஸ்-இ-அலாய்’ என்கிறார். அலாவுதீன் கில்ஜியின் குளம். ஆம், 1311-ல் தளபதி மாலிக் காஃபூரை மதுரை வரை அனுப்பிய அதே அலாவுதீன். குளம் தூர்ந்து நீரற்றுக் கிடந்தது, தம் பங்கு அதைத் தூர்வாரியதுதான் என்கிறார் ஃபிரோஸ் ஷா. வெட்டிய பெருமையைத் தமக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கல்லறைக்கு அந்தக் கரையையே தேர்ந்த மன்னர் இதில் நேர்மையாக இருந்தது என்னை நெகிழ வைத்தது.

மூன்றாவது சாட்சி பயணி இப்னு பதூதா. ஃபிரோஸ் ஷா 1351-ல் அரியணை ஏறுவதற்கு முன்பே டெல்லியில் காஜியாக இருந்தவர். அலாவுதீனுக்கு முந்தைய சுல்தான் இல்துத்மிஷ் வெட்டிய குளத்தைவிட இது பெரியது, கரையில் நாற்பது மண்டபங்கள், சுற்றிலும் இசைவாணர்கள் குடியிருப்பு என்கிறார். ஆக, குளம் ஃபிரோஸ் ஷாவுக்கு மூத்தது, அதில் ஐயமில்லை. தைமூரின் நூலும் உறுதியான சாட்சியல்ல. அதன் பாரசீக வடிவம் ஷாஜகான் காலத்தில்தான் வெளிப்பட்டது. அது தைமூரின் சொந்த வாக்குதானா என்று வரலாற்றாசிரியர்கள் வெகுகாலமாக ஐயுறுகிறார்கள்.

வெட்டியவர் யார் என்ற கேள்வி தீர்ந்தது. ஆனால் ‘ஃபுதூஹாத்’தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அதுதான். வறண்ட குளத்துக்குள் மக்கள் பயிர் வைத்தார்கள், கிணறு தோண்டினார்கள், அந்தத் தண்ணீரை விற்றார்கள். தலைநகருக்கென வெட்டிய ஏரியின் வயிற்றிலேயே தண்ணீர் வியாபாரம்! ஃபிரோஸ் ஷாவுக்கு முன் ஆண்ட முகமது பின் துக்ளக் டெல்லி மக்களைத் தௌலதாபாத்துக்கு நகர்த்தியதும், பின்னால் வந்த பஞ்சமும் தூர்வாரும் வேலையை அடியோடு நிறுத்தியிருக்கும் என்பது என் ஊகம். வண்டலில் விதைத்த அந்தக் குடும்பங்களின் பெயர் எந்த ஏட்டிலும் என் கண்ணில் படவில்லை. தூர்வாரிய பிறகு அவர்கள் எங்கே போனார்கள்?

இன்றிருப்பது பழைய ஏரியின் சிறு பகுதிதான். கடந்த நூற்றாண்டில் மறுபடி வறண்டு கிடந்ததைச் சுத்திகரித்த கழிவுநீரை விட்டு நிரப்பியிருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது கல்லறையைக் கடந்து படிகளுக்கு வந்து நின்றேன். ஏரியைப் பார்த்தபோது, அதில் எந்த இடத்தில் அந்தக் கிணறுகள் இருந்திருக்கும் என்றுதான் கண் தேடியது.