குளக்கட்டும் வன்தட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததைத் தம்பலகாமத்து மூத்தவர்கள் எவரும் மறக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது. அதை நேரில் கண்டவர்களின் பேச்சைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் கைத்தொலைபேசியில் பதிவு செய்தார்கள். பேசியவர்களில் சிலர் இன்று மவுத்தாகிவிட்டார்கள். அத்தனை குரல்களையும் ஒரே ஒரு வன்தட்டில் போட்டு வைத்திருந்தோம். சென்ற மாதம் அது விட்டு விட்டு 'டக், டக்' என்று சத்தம் போடத் தொடங்கியது.

இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எங்களுக்கு ஒரு மகிழ்ச்சி. இதை உருவாக்கிய குழுவின் தலைவர் எங்களைப் போல ஓர் ஆசிரியர்! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் விஞ்ஞானம் படிப்பித்த ரெனோல்ட் ஜோன்சன். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்து, பல்தேர்வு விடைத்தாள்களைத் தானாகவே திருத்தும் இயந்திரம் ஒன்றை அவர் செய்தார். அதைக் கண்ட ஐபிஎம் நிறுவனம் 1934இல் அவரை வேலைக்கு எடுத்தது. 1956இல் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் அவருடைய குழுவினர் உலகின் முதல் வன்தட்டை வெளியிட்டார்கள். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு தொன்னுக்கு மேல் எடை. கொள்ளளவோ வெறும் 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் இரண்டொரு படங்களுக்கே அது போதாது.

கொள்ளளவு கூடக் கூட, தட்டுக்கும் அதை வாசிக்கும் முனைக்கும் இடையிலான வெளி சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போது அது சில நனோமீற்றர்தான். ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். அப்படியானால் தூசி ஒன்று அதற்கு ஒரு மலை. வீட்டு மேசையில் வைத்து வன்தட்டைத் திறக்கக் கூடாது என்பது இதனால்தான். 'டக், டக்' என்ற சத்தம், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போய் மறுபடி முயல்வதால் வருவது.

எங்களுக்கு இது தெரியாது. நாலைந்து தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டோம். கடைசியில் பழைய மாணவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். "சேர், இனி இதுக்குக் கரண்ட் குடுக்காதீங்க. ஒவ்வொரு தரம் போடக்குள்ளயும் சாமான் தேஞ்சு போகும்" என்றார்.

முதலில் வயர்களை மாற்றிப் பார்த்தார். பல நேரம் பிழை அங்கேதான் இருக்குமாம். பிறகு வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பைப் பார்த்தார். பழுதடைந்த பகுதிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. அடுத்து, பழுது பார்க்கும் எந்த மென்பொருளையும் அதில் ஓடவிடாமல், முழுவதையும் புதிய வன்தட்டுக்குப் பிரதி எடுத்தார். அதற்குப் பயன்பட்டது 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருள். கெட்டிக்காரப் பிள்ளை பரீட்சை எழுதுவதுபோல, சுலபமாக வாசிக்கக்கூடியதை அது முதலில் எடுத்துவிடும், கஷ்டமானதற்குக் கடைசியில்தான் திரும்பி வரும்.

அல்ஹம்துலில்லாஹ், பெரும்பாலானவை மீண்டன. இரண்டு குரல்கள் மீளவில்லை. அதில் ஒருவர் இப்போது நம்மோடு இல்லை. அவருடைய மகளுக்கு இதைச் சொல்லப் போனபோது எங்களால் தலை நிமிர முடியவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறு பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்தே போயின. அது மனிதர் வைத்த தீ. எங்களுக்கு நடந்தது கவனக்குறைவு. ஆனால் இரண்டும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஒரே பிரதியாக இருப்பதைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது. 'ஸ்மார்ட்' குறிப்பையும் முழுதாக நம்ப முடியாது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை வைத்து கூகுள் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த முன்னறிவிப்பும் தராமலே போயிருந்தன.

வயல் செய்கிற எங்கள் ஊராருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டில் கசிவு கண்டால் எவரும் விடியட்டும் என்று படுக்க மாட்டார்கள். கசிவே தெரியாமல் உடையும் கட்டும் உண்டு என்பதையும் அறிவார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உம்மா வாப்பாவின் குரல், பிள்ளைகளின் படம், காணி உறுதியின் பிரதி எதுவானாலும் இன்றைக்கே இன்னொரு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். அந்த இரவைக் கண்டவர்கள் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் எங்களுக்கு அறிவியுங்கள். மாணவர்களோடு வருகிறோம். இம்முறை மூன்று பிரதி எடுப்போம், இன்ஷா அல்லாஹ்.