சித்திரப் படமும் சிறுவர் விளையாட்டும்

ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபோது, நம் முன்னோர் கொச்சிக்குக் குடிவந்த வரலாற்றையே நான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். மட்டாஞ்சேரியின் அங்காடித் தெருக்களைப் பற்றியும், கோட்டைக் கொச்சியில் தலைமுறை தலைமுறையாக வெளுப்புத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றியும் என்னினும் நன்கறிந்த அன்பர்கள் எழுதுவர். நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பழமையானதன்று. பெருமையுடையதென்றும் எவரும் கருதார். நம் இல்லங்களில் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து ஆடிய வீடியோ விளையாட்டுகளைப் பற்றியது அது. அவற்றுள்ளும், குடும்பத்தோடு காணத்தக்க சித்திரப் படங்களையும் கார்ட்டூன் தொடர்களையும் தழுவி எழுந்தவற்றைப் பற்றியது. ‘இதற்குமா ஒரு வரலாறு?’ என்று பெரியோர் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவனே.

இவ்வரலாற்றைப் பாப்பாய் என்னும் மாலுமியிலிருந்து தொடங்குவது பொருந்தும். 1929-இல் செய்தித்தாள் சித்திரக் கதையில் பிறந்து, 1933 முதல் திரைக்கு வந்தவன் அவன். 1981-இல் ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் அவனை வைத்து ஒரு விளையாட்டு அமைக்க விரும்பியது. அப்போது உரிமை கிட்டவில்லை. மியாமோட்டோ என்னும் இளைஞர் பாப்பாய்க்குப் பதில் ஒரு தச்சனையும், அவன் பகைவனுக்குப் பதில் ஒரு குரங்கையும், காதலிக்குப் பதில் வேறொரு நங்கையையும் வைத்து ஆட்டத்தை முடித்தார். அதுவே ‘டாங்கி காங்’. அந்தத் தச்சனே பின்னர் மாரியோ என்னும் பெயருடன் உலகெங்கும் அறியப்பட்டான். அடுத்த ஆண்டே உரிமை கிடைத்துப் பாப்பாய் விளையாட்டும் வெளிவந்தது. ஆனால் இன்று அதை நினைப்பவர் மிகச் சிலர். உரிமை கிட்டாத ஆட்டம் நிலைத்தது. உரிமையோடு வந்த ஆட்டம் மறைந்தது. படத்தைத் தழுவிய விளையாட்டுகளின் தலையெழுத்து தொடக்கத்திலேயே இவ்வாறு எழுதப்பட்டுவிட்டது போலும்!

நிற்க. நம் வீடுகளுக்கு இவை எவ்வாறு வந்தன என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷன் ‘ஜங்கிள் புக்’ தொடரையும், ‘டக் டேல்ஸ்’ என்னும் வாத்துக் கதையையும் இந்தி மொழியில் ஒளிபரப்பியது. நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். இந்தி பாதி விளங்கும், பாதி விளங்காது. ஆயினும் ஒருவரும் பெட்டியை விட்டு அசையார். அக்கதைகளைத் தழுவிய விளையாட்டுகள் வெளிநாடுகளில் அப்போதே விற்பனையில் இருந்தன. ஆனால் விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. சேகா நிறுவனத்தின் பெட்டியை 1995-இல் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்கத் தொடங்கியபோது அதன் விலை 18,000 ரூபாய். வெளிநாட்டுப் பெட்டிக்கு 80 விழுக்காடு இறக்குமதி வரி இருந்த காலம் அது. மாதச் சம்பளக்காரர் எவர் அதை வாங்குவர்?

ஆகவே, கொச்சியில் பல வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரே இவற்றைக் கொண்டுவந்தனர். நிண்டெண்டோவின் சாயலில் செய்யப்பட்ட மலிவான பெட்டி ஒன்று, கேசட் ஒன்று. என் மைத்துனர் கொண்டுவந்த கேசட்டில் எண்ணற்ற ஆட்டங்கள் அடங்கியிருப்பதாக மேலட்டை கூறியது; ஆடிப் பார்த்தால் இருபதும் தேறாது. ஆட்டத்தை ஆக்கியவர் யார், எந்நாட்டினர் என்பதொன்றும் அதில் இராது. எனவே பிள்ளைகள் தாமே பெயரிட்டுக்கொண்டனர். ‘வாத்து ஆட்டம்’, ‘அணில் ஆட்டம்’, ‘கரடி ஆட்டம்’ என்பனவே எங்கள் வீட்டில் வழங்கிய பெயர்கள். அவற்றின் உண்மைப் பெயர்களை நான் அறிந்துகொண்டது இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான்.

வாத்து ஆட்டம் என்பது 1989-இல் ஜப்பானியக் காப்காம் நிறுவனம் செய்த ‘டக் டேல்ஸ்’. கருமியான கோடீஸ்வர வாத்து, தன் கைத்தடியை ஊன்றி அதன்மேல் துள்ளித் துள்ளிச் செல்லும். அமேசான் காடு, ஆப்பிரிக்கச் சுரங்கம், நிலவு முதலிய ஐந்து இடங்களில் புதையல் தேடவேண்டும். ஐந்தில் ஒன்று நம் இமயமலை! அங்கே பனியில் துள்ளினால் தடி புதைந்து வாத்து சிக்கிக்கொள்ளும். அந்தச் சிறு நுட்பத்தைக் கண்டு என் மூத்த மகள் வியந்து கூவியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. அணில் ஆட்டமும் அதே நிறுவனத்தார் 1990-இல் செய்ததே. இருவர் சேர்ந்து ஆடலாம். பெட்டியைத் தூக்கிப் பகைவர்மேல் எறியலாம். தவறுதலாக உடன் ஆடுபவனையே தூக்கி எறிந்துவிடவும் கூடும். எங்கள் தெருவில் உடன்பிறந்தார் சண்டை பலவற்றுக்கு இதுவே மூலகாரணமாயிற்று என்றால் மிகையாகாது.

கரடி ஆட்டம் ‘ஜங்கிள் புக்’. இதன் பயணம் விந்தையானது. மத்திய இந்தியாவின் சிவனிக் காட்டை நிலைக்களனாக வைத்து ஆங்கிலேயரான கிப்ளிங் கதை புனைந்தார். 1967-இல் டிஸ்னி அதைச் சித்திரப் படமாக்கியது. 1994-இல் இங்கிலாந்தின் யூரோகாம் என்னும் நிறுவனம் அப்படத்தைச் சிறிய பெட்டிகளுக்கேற்ற விளையாட்டாக்கியது. மௌக்லி வாழைப்பழத்தை எறிந்து குரங்குகளை விரட்டி, குறித்த நேரத்துக்குள் மணிகளைத் திரட்டவேண்டும். இவ்வாறு நாடு சுற்றி, இறுதியில் வளைகுடா வழியாகக் கொச்சிக்கு வந்து சேர்ந்தது நம் நாட்டுக் காடு.

அதே 1994-இல் வந்த ‘லயன் கிங்’ விளையாட்டு சிறுவரைக் கண்ணீர் விடச் செய்யுமளவு கடினமானது. வாடகைக்கு எடுத்தவர் ஓரிரு நாளில் ஆடி முடித்துவிட்டால் கேசட்டை விலைகொடுத்து வாங்கமாட்டார் என்று அஞ்சி, டிஸ்னி நிறுவனமே அதைக் கடினமாக்கச் சொன்னதாக அதனை ஆக்கியோருள் ஒருவரான லூயிஸ் காஸில் பின்னாளில் கூறியுள்ளார். நம் ஊரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய சிறுவர்கள், தம் கைத்திறன் போதவில்லை என்றே எண்ணி நொந்துகொண்டனர்.

இனி நம் மொழிக்கு வருவோம். 2007 ஏப்ரல் 29-இல் சுட்டி டிவி தொடங்கப்பெற்றது. கேரளத்தில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு அஃது எத்தகைய பேறு என்பதை வெளியிலிருப்போர் எளிதில் உணரார். பள்ளியில் தமிழெழுத்து கற்காத என் இளைய மகன், அதில் வந்த ‘ஜாக்கி சான்’ தொடரைக் கண்டே நையாண்டித் தமிழ் பேசக் கற்றான். மூலத்தொடர் 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் வெளிவந்தது, 95 பகுதிகள். தமிழில் பெயர்த்தவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், நம் ஊர்த் திண்ணைப் பேச்சின் குத்தலையும் கிண்டலையும் அதில் ஏற்றினர். அத்தொடரின் கிழவனார் பேசிய தமிழை இன்றும் முப்பது வயதினர் மனப்பாடமாகச் சொல்லக் கேட்கலாம்.

அத்தொடரைத் தழுவி இரண்டு விளையாட்டுகள் வந்தன. கையடக்கப் பெட்டிக்காக 2001-இல் ஆஸ்திரேலிய நிறுவனமொன்று ஆக்கியது முதலாவது. 2004-இல் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்காக இங்கிலாந்தின் அட்டாமிக் பிளானட் நிறுவனம் ஆக்கியது இரண்டாவது. இரண்டாவதன் வட்டு என் மகனுக்குக் கிடைத்தது. பெருமகிழ்ச்சியோடு அதை ஓடவிட்டான். கிழவனார் ஆங்கிலம் பேசினார்! சிறுவன் முகம் வாடிற்று. ஆனால் அவன் செய்ததைக் கேளுங்கள். ஒலியைக் குறைத்துவிட்டு, ஒவ்வொருவர் பேச்சையும் தானே தமிழில் உரக்கப் பேசிக்கொண்டு ஆடினான். அண்டை வீட்டு மலையாளச் சிறுவர்களும் வந்தமர்ந்து அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள். அவ்விளையாட்டைப் பெரிதாகப் போற்றிய திறனாய்வாளர் எவரையும் நான் கண்டதில்லை. எங்கள் கூடத்திலோ அது ஒரு தமிழ்ப் பள்ளியாகவே விளங்கியது.

நம் நாட்டாரும் இத்துறையில் முயலாமல் இல்லை. 2005-இல் ‘ஹனுமான்’ என்னும் சித்திரப் படம் வெளிவந்து பிள்ளைகளின் உள்ளத்தைக் கவர்ந்தது. 2009-இல் ஹைதராபாத்தின் ஆரோனா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்காக இளம் அனுமனைத் தலைவனாக வைத்து ஒரு விளையாட்டு ஆக்கிற்று. அது மேற்படி படத்தின் நேர்வழித் தோன்றல் அன்று. எனினும் முழுவதும் இந்தியாவிலேயே செய்யப்பட்டு இத்தகைய பெட்டிக்கு வந்த முதல் விளையாட்டு என்னும் சிறப்பு அதற்கு உண்டு. தெய்வத்தைப் பொத்தானால் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. ஆட்டத்தின் தரம் குறைவென்று குறைகூறியோரும் உளர். முதல் முயற்சி எது குறையற்றிருந்தது?

தமிழ்ப் படம் என்று பார்த்தால், 2014 மே 23-இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ நினைவுக்கு வருகிறது. நடிகரின் அசைவுகளைப் பதிவு செய்து கணினியால் வரைந்த அப்படத்துக்குக் கைப்பேசி விளையாட்டு ஒன்றும் வந்தது. படத்தைப் பற்றி எத்தனை பேர் எத்தனை பக்கம் எழுதினர்! அந்த விளையாட்டைப் பற்றி ஒரு வரி எழுதியவர் அரிது.

இவை ஏன் மறைகின்றன? மட்டமானவையாதலால் மறைந்தன என்பது எளிய விடை. உண்மை விடை அன்று. உரிமைச் சீட்டே முதற் காரணம். பாத்திரம் ஒருவருடையது, ஆட்டம் மற்றொருவருடையது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் விற்பனையும் முடிந்தது. முற்கூறிய வாத்து ஆட்டத்தை 2013-இல் புதுமெருகிட்டு மீண்டும் வெளியிட்டனர். அதுவே 2019 ஆகஸ்டில் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2020-இல்தான் திரும்பியது. அத்துணைப் புகழ்பெற்றதற்கே அந்நிலை என்றால், ஜாக்கி சான் வட்டுக்காக வாதாட யார் இருக்கிறார்கள்? ‘ஜங்கிள் புக்’ 2021-இல் ஒரு தொகுப்பில் இடம்பெற்று மீண்டது அதன் நற்பேறு. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று முறையான விற்பனையில் இல்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கிட்டுக் கூறியது. கைப்பேசி ஆட்டங்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. கேசட்டாவது பரணில் கிடக்கும். கைப்பேசி ஆட்டத்தைக் கடையிலிருந்து எடுத்துவிட்டால் பரணில் என்ன இருக்கும்?

பரண் என்றதும் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மகளின் திருமணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அந்தப் பழைய பெட்டியையும் கேசட்டையும் குப்பையென்று கருதி, பழைய சாமான் வாங்க வந்தவரிடம் நாற்பது ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றி அதே பரணில் பத்திரமாக வைத்த கை இந்தக் கைதான். சென்ற பொங்கலுக்குத் தன் பிள்ளைகளுடன் வந்த மகள், “அந்த வாத்து ஆட்டம் எங்கேப்பா?” என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

ஜாக்கி சான் வட்டு மட்டும் எப்படியோ தப்பி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆனால் எங்கள் பெட்டி பழுதாகி நெடுநாளாயிற்று. இடப்பள்ளியில் இன்று பேரங்காடியில் புதுப்புது ஆட்டங்கள் மின்னுகின்றன. இவ்வட்டை ஓடவிடும் பழைய பெட்டி அங்கே கிடைக்காது. நம் சங்க அன்பர் எவர் வீட்டிலேனும் ஓடும் நிலையில் ஒன்று இருக்குமாயின், அருள்கூர்ந்து தெரிவியுங்கள். மகன் அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறான். தமிழ்ப் பேச்சை அவனே பார்த்துக்கொள்வான்.