விடையும் விளக்கமும்: தமிழரிடையே வான்கணிதக் கல்வி – ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தில் ஆண்டுதோறும் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வெவ்வேறாகக் குறிப்பிடுகின்றன. நாளேடுகள் இரண்டையும் அருகருகே வெளியிடுகின்றன. மக்களும் தத்தம் குடும்ப வழக்கின்படி ஒன்றைக் கைக்கொள்கின்றனர். ஒரே ஞாயிறு ஒரே இராசியிற் புகுதற்கு இரு நேரங்கள் எவ்வாறு உளவாயின என்று வினவுவோர் சிலரே. இவ்வினா இரு பஞ்சாங்கங்களின் பிணக்கை மட்டும் சார்ந்ததன்று. வான்கணிதம் தமிழரிடையே எச்சாதனங்கள் கொண்டு கற்பிக்கப்பட்டது, கற்றவர் விடையை மட்டும் பெற்றனரா அன்றி அவ்விடைக்குரிய விளக்கத்தையும் பெற்றனரா என்னும் வரலாற்றோடு அது நெருங்கிய தொடர்புடையது. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்கியமும் சோழியும்

அச்சு நூலும் தொலைகாட்டியும் இல்லாத காலத்தில் வான்கணிதத்தைக் கற்பித்த முதன்மையான சாதனம் மனனமே. வாக்கிய முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சந்திரன் தன் பாதையிற் பூமிக்கு மிக அண்மித்த நிலையினின்று புறப்பட்டு மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ இருபத்தேழரை நாட்கள் செல்லும். இத்தகைய ஒன்பது சுற்றுகள் 248 நாட்களுக்கு மிக நெருங்கி நிற்கின்றன. எனவே 248 நாட்களுக்கும் சந்திரனின் நிலையை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இடையில் நேரும் சிறு வேறுபாட்டை 3031 நாட்கள், 12372 நாட்கள் என்னும் பெரிய சுற்றுகளைக் கொண்டு சரிசெய்தனர். இந்த 248 நிலைகளும் எழுத்துகளுக்கு எண்மதிப்பு வழங்கும் முறையினால் 248 சிறு வடமொழித் தொடர்களாக அமைக்கப்பட்டன. அவையே வாக்கியங்கள் எனப்பட்டன. வரருசியின் பெயரால் வழங்குவன. முதல் வாக்கியத்தை எண்ணாக மாற்றினால் 12 பாகை 3 கலை என்னும் அளவு கிடைக்கும். மாணவன் தொடர்களை மனனஞ் செய்தான். கணிக்கும்போது சோழிகளைத் தரையில் வைத்தும் நீக்கியும் கூட்டற் கழித்தல்களைச் செய்தான். ஏடும் எழுத்தாணியுமின்றிக் கிரகணத்தைக் கணிக்க அவனால் இயன்றது.

இம்முறையின் ஆற்றலுக்கும் குறைபாட்டுக்கும் புதுச்சேரியிலிருந்து இரு சான்றுகள் கிடைத்துள்ளன. வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடந்து செல்வதைக் காணப் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ஜான்தீ என்னும் வானியலாளர், போரின் காரணமாக 1761ஆம் ஆண்டு நிகழ்வை நிலத்திலிருந்து நோக்க இயலாது போயினார். எட்டாண்டுகள் காத்திருந்தும் 1769இற் புதுச்சேரியில் மேகம் மறைத்தமையால் மீண்டும் ஏமாற்றமடைந்தார். எனினும் அங்குத் தங்கிய காலத்தில் தமிழர் ஒருவரிடம் அவர்தம் வான்கணித முறையைக் கற்றார். 1765 ஓகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதமுறை 41 செக்கன் குறைத்துக் கூறியது. அக்கால ஐரோப்பாவிற் பெயர்பெற்ற மாயரின் அட்டவணைகளோ 68 செக்கன் கூட்டிக் கூறின. மனனத்தின் வழிவந்த கணிதம் அட்டவணையின் வழிவந்த கணிதத்துக்கு இவ்விடயத்திற் பின்னிற்கவில்லை.

இரண்டாவது சான்று ஜோன் வொறன் என்பாருடையது. சென்னை வானாய்வு நிலையத்திற் பணியாற்றிய இவர், 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைச் சோழிகளைக் கொண்டு தம் முன்னிலையிற் கணித்தமையைப் பதிவு செய்தார். அக்கணிப்பு கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டது. இவற்றினும் கருதத்தக்கது வொறனின் மற்றொரு குறிப்பாகும். அக்கணிதர் வியத்தகு நினைவாற்றல் உடையவராயினும் தாம் செய்யும் கணிதத்தின் அடிப்படைக் கோட்பாட்டை அறிந்தவரல்லர் என்பதே அது. 1952இல் நொய்கபவர் என்னும் வரலாற்றறிஞர் ‘தமிழ் வானியல்’ என்னும் தம் ஆய்வில் இச்செய்தியை மீண்டும் எடுத்தாண்டார். பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட கணிதத்தை அம்மனன மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பேணியது என்பது அவருக்குப் பெரு வியப்பாயிற்று.

ஆகவே மனனம் என்னும் சாதனம் விடையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது. விளக்கத்தை அவ்வாறு காக்கவில்லை. விளக்கம் அறியாதவன் விடை பிழைபட்டபோது அதனைத் திருத்தும் ஆற்றலையும் இழந்தான்.

வட்டுக்கோட்டைச் செமினறி

இதே வாக்கிய மரபு யாழ்ப்பாணத்திலும் வேரூன்றியிருந்தது. அராலியைச் சேர்ந்த இராமலிங்க முனிவர் 1667இற் பஞ்சாங்கம் கணித்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வூருக்கு அண்மையிலேயே, 1823இல், அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டைச் செமினறியை நிறுவினர். அதன் முதல் அதிபரான டானியல் பூவர் வானியலைப் பாடத்திட்டத்தின் சிறப்புப் பகுதியாக்கினார். அவருடைய நோக்கம் கல்வி மட்டுமன்று. மேருமலையைச் சுற்றும் ஞாயிறு, சந்திரனை விழுங்கும் இராகு முதலான புராணக் கருத்துகள் பிழையென நிறுவப்பட்டால் சைவ சமயத்தின் மீதுள்ள நம்பிக்கையும் தளரும் என அவர் எண்ணினார்.

1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணம் அதற்கு வாய்ப்பளித்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் கிரகணத்தின் தொடக்கம், அளவு, நீடிக்கும் காலம் ஆகியன பற்றிக் கூறியவை பூவரின் கணிப்பினின்றும் வேறுபட்டன. கிரகணத்தன்று பூவரின் கணிப்பே பொருந்திற்று என மிசனரிமாரின் பதிவுகள் கூறுகின்றன. அவர்கள் இதனைப் பெரு வெற்றியாகக் கொண்டாடினர்.

எனினும் இவ்வெற்றியின் பொருளை ஆராய்தல் வேண்டும். கிரகணத்துக்குக் காரணம் நிழலே என்பதையும் பூமி உருண்டையானது என்பதையும் 499இல் ஆரியபட்டர் கூறியிருந்தார். சாஸ்திரியார் பின்பற்றிய கணிதமும் அச்சித்தாந்த நெறியின் வழிவந்ததேயன்றிப் புராணத்தின் வழிவந்ததன்று. கிரகணம் நிகழும் நாளை அவர் அறிந்திருந்தார் என்பதே இதற்குச் சான்றாகும். எனவே அன்று தோற்றது இராகுவின் கதையன்று. நெடுங்காலம் திருத்தப்படாத மாறிலிகளே தோற்றன. சித்தாந்தமும் புராணமும் வேறானவை என்பதை மிசனரிமாரும் நாளடைவில் உணர்ந்தனர். பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன் 1848இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட ‘கீழைத்தேய வானியலாளர்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல், இந்து வான்கணித முறையை மொழிபெயர்ப்புடனும் குறிப்புகளுடனும் விளக்கியது. மறுக்கப் புகுந்தவர்களே உள்ளூர்க் கணிதத்தைக் கற்பிக்கும் பாடநூலொன்றை உருவாக்க நேர்ந்தது வரலாற்றின் முரண் எனலாம்.

மனன மரபு தராத விளக்கத்தைச் செமினறி தந்தது. ஆயின் அறிவியலைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே, தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்கே தந்தது. ஆங்கிலக் கல்விக்கான செலவு, மதமாற்றத்தில் எதிர்பார்த்த பயன் கிட்டாமை முதலிய காரணங்களால், றூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த குழுவின் முடிவுக்கிணங்க 1855இற் செமினறி மூடப்பட்டது. அதே ஆண்டில் செமினறி மரபில் வந்த கரோல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். உயர் கணிதத்தைத் தமிழில் விளக்கவியலும் என்பதற்கு அது சான்றாயிற்று. ஆயினும் பஞ்சாங்கக் கணிதரும் பள்ளி ஆசிரியரும் ஒரே வானத்தை நோக்கி ஒருவரோடொருவர் வாதிட்ட அக்காலம் செமினறியோடு முடிவுற்றது. பின்னர் ஒரு சாரார் விடையைக் கணித்தனர். மறு சாரார் விளக்கத்தைப் படித்தனர். காட்சியோடு பொருந்தக் கணிப்பது என்னும் பொருளுடைய திருக்கணிதம் தோன்றிய பின்னும் வாக்கியத்தின் செல்வாக்குக் குன்றவில்லை.

இணையம் என்னும் புதிய சாதனம்

இன்று வானியற் கல்விக்குரிய சாதனங்கள் இணையத்தின்வழி எவருக்கும் எட்டுவனவாகிவிட்டன. நாளுக்கொரு வானியற் படத்தை அறிஞர் விளக்கத்துடன் தரும் முயற்சி 1995 யூன் 16இல் தொடங்கியது. எந்த ஊரின் எந்த நாளின் வானத்தையும் திரையிற் காட்டும் ஸ்டெல்லேரியம் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. எஸ்பனாக், மீயஸ் ஆகியோர் கணித்த ஐயாயிரம் ஆண்டுக் கிரகண அட்டவணை 12,064 சந்திர கிரகணங்களை உள்ளடக்கியது. நாசா நிறுவனம் அதனை இணையத்தில் வெளியிட்டுள்ளது. சாஸ்திரியாரும் பூவரும் மாறுபட்ட கிரகணமும், புதுச்சேரிக் கணிதர் சோழி பரப்பிக் கணித்த கிரகணமும் அதில் உள்ளன. 2007இல் தொடங்கிய ‘கலக்ஸி சூ’ என்னும் திட்டத்திற் பங்குகொண்ட நெதர்லாந்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர், அதுவரை எவரும் கவனித்திராத வான்பொருளொன்றைக் கண்டறிந்தார். கற்போர் ஆய்விற் பங்குபற்றவும் இச்சாதனம் வழிவிட்டுள்ளது என்பதை இது காட்டும்.

ஆயினும் பழைய வினா இங்கும் நீங்கவில்லை. யாழ்ப்பாணத்திற் கங்கண சூரிய கிரகணம் 2010 சனவரி 15இலும் 2019 டிசெம்பர் 26இலும் தெரிந்தது. அதன் நேரத்தைக் கைத்தொலைபேசியிற் பார்த்தறிந்து, அந்நேரம் எவ்வாறு பெறப்பட்டது என வினவாத மாணவன், வாக்கியங்களை மனனஞ் செய்த புதுச்சேரிக் கணிதரினும் ஒரு வகையிற் பின்தங்கியவனே. அவராவது கணிதத்தைத் தம் கையாற் செய்தார். விளக்கம் தரும் ஏடுகளும் இணையத்தில் நிரம்ப உள. ஆயின் அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. செமினறியின் வாயில் சிலருக்கே திறந்திருந்த நிலைமை இவ்வகையில் இன்றும் முற்றாக நீங்கவில்லை.

இரு மரபுகளையும் மீண்டும் இணைத்தற்கான வாய்ப்பு இன்றுள்ளதுபோல் முன்னர் இருந்ததில்லை. 248 வாக்கியங்கள் தரும் சந்திர நிலையை இணைய அட்டவணை தரும் நிலையோடு ஒப்பிட்டு, வேறுபாடு எத்துணை, அது எவ்வாறு வளர்ந்தது எனக் கணிப்பது ஒரு மாணவனின் ஆற்றலுக்கு உட்பட்டதே. அப்பயிற்சியைத் தமிழில் எழுதி வழங்குதல் பல்கலைக்கழக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பணியாகும். அது நிறைவேறின், புத்தாண்டு பிறக்கும் இரு நேரங்களுள் ஒன்றைக் கைக்கொள்வோர் அவை ஏன் இரண்டாயின என்பதையும் அறிந்து கைக்கொள்வர்.