வலங்கைமான் தந்த தூதர்: சீனிவாச சாஸ்திரியாரின் சொல்லும் அதன் எல்லையும்

தூது நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். திருவள்ளுவரோ பொருட்பாலில் 69ஆம் அதிகாரம் முழுவதையும் தூதுக்கென்றே ஒதுக்கினார். புலவரும் தூதரும் சொல் என்னும் ஒரே கருவியை நம்பி வாழ்பவர்கள். நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில், அக்கருவி ஒன்றையே கைக்கொண்டு ஐந்து கண்டங்களுக்குச் சென்ற தஞ்சைத் தரணியின் மைந்தர் ஒருவரை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். அவரே வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

குடமுருட்டி ஆற்றங்கரையிலுள்ள வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22 அன்று, வறிய புரோகிதர் குடும்பத்தில் அவர் பிறந்தார். கும்பகோணத்தில் பள்ளிக்கல்வி பெற்றார், சேலத்தில் ஆசிரியரானார், பின்னர்த் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்ற உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1907இல் ஆசிரியப் பணியைத் துறந்து, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அச்சங்கத்தின் தலைமை அவரை வந்தடைந்தது. 1919இல் பேரரசின் சட்டமன்றத்தில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. ஆயினும் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. காங்கிரசை விட்டு விலகி மிதவாதிகளின் அணியில் நின்றார்.

அவருடைய தூது வாழ்வு 1921இல் தொடங்கிற்று. அவ்வாண்டு இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் சட்டப்படி வாழும் இந்தியர்க்குக் குடியுரிமை வழங்கப்பட வேண்டும் என்னும் தீர்மானத்தை நிறைவேறச் செய்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் அதற்கு இணங்கவில்லை. அதே ஆண்டில் ஜெனிவாவில் சர்வதேச சங்கத்தில் பேசினார். 1922 பிப்ரவரியில் வாசிங்டன் கடற்படை உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டார். அடுத்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து, அங்கு வாழ்ந்த இந்தியரின் உரிமைகளுக்காக வாதாடினார். அவருடைய ஆங்கில நாவன்மையைக் கேட்டவர்கள் ‘வெள்ளி நாவினர்’ என்று அவரைப் போற்றினர்.

இங்கே நாம் ஒரு வினாவை எழுப்பியாக வேண்டும். ஔவையார் தூது சென்றபோது அவரை விடுத்தவன் அவருடைய அன்பிற்குரிய தலைவன். அவன் படையும் மானமும் அவர் சொல்லுக்குப் பின்நின்றன. சாஸ்திரியாரை விடுத்ததோ இந்திய அரசு என்னும் பெயர் தாங்கிய ஆங்கில ஆட்சி. எவரிடம் நீதி கேட்கச் சென்றாரோ, அவருடைய ஆட்களே அவரை அனுப்பியவர்கள். இம்முரணை அவர் 1923இல் நேரிற் கண்டார். கென்யாவின் மேட்டு நிலங்களை வெள்ளையர்க்கே உரியவையாக வைத்து ஆங்கில அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பேரரசின் நேர்மையைப் பெரிதும் நம்பிய அவருடைய உள்ளம் அன்று ஆழமாகப் புண்பட்டது. சொல்லில் குறையில்லை, சொல்லைத் தாங்கும் அரசு இல்லை.

எனினும் அவர் தூது முழுதும் வீணாயிற்று என்பது முறையன்று. தென்னாப்பிரிக்க வரலாறு அதற்குச் சான்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற ‘துரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தது. அவ்வாறு சென்றவர்களின் வழித்தோன்றல்களைத் தனியிடங்களில் ஒதுக்கிவைக்க அந்நாட்டு அரசு சட்டம் இயற்ற முனைந்தது. 1927ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்பாட்டால் அம்முயற்சி கைவிடப்பட்டது. அங்கேயே வாழ விரும்பும் இந்தியரின் கல்வியையும் வாழ்வையும் உயர்த்துவது தன் கடமை எனத் தென்னாப்பிரிக்க அரசு ஏற்றது. அதற்கு ஈடாக, தாயகம் திரும்புவோர்க்கு உதவி என்னும் பெயரில் மக்களை வெளியேற்றும் திட்டத்திற்கு இந்திய அரசு இசைந்தது. உடன்பாட்டின் கசப்பான பகுதி இதுவே.

காந்தியடிகளின் வற்புறுத்தலால் சாஸ்திரியார் அந்நாட்டில் இந்திய அரசின் முதல் முகவராகப் பொறுப்பேற்று, 1927 முதல் 1929 தொடக்கம் வரை பணியாற்றினார். 1928இல் கிளர்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தை வெள்ளையர் கும்பல் ஒன்று கலைத்தது. அப்போதும் அவர் நிதானம் இழக்கவில்லை. இந்தியர்க்கு உயர்நிலைக் கல்வியும் ஆசிரியர் பயிற்சியும் தரும் நிலையம் ஒன்று டர்பனில் வேண்டும் என்று அங்கு வாழ்ந்த இந்தியரிடமே நிதி திரட்டினார். 1929 அக்டோபரில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. கரும்புத் தோட்டக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் உயர அது வாயிலாயிற்று. உடன்பாட்டின் சொற்கள் பின்வந்த நிறவெறிச் சட்டங்களால் மிதிபட்டன, கல்லூரியோ நிலைத்தது.

இனி, நம் மண்ணுக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டங்களுக்குச் சென்ற டெல்டா மக்கள் மிகப் பலர். அவர்களுடைய நிலையை ஆராய 1936இன் இறுதியில் சாஸ்திரியார் அங்கு அனுப்பப்பட்டார். விலை வீழ்ச்சியைக் காட்டிக் குறைக்கப்பட்ட கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று 1937இல் வெளிவந்த அவருடைய அறிக்கை கூறிற்று. ஆயினும், தொழிலாளர் அங்குச் செல்வதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் அது முடிவு செய்தது. மலாயாவின் இந்தியத் தலைவர்கள் பலர் மனம் நொந்தனர். மறு ஆண்டே, 1938 ஜூனில், அரசுதவியுடன் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. சாஸ்திரியார் தோட்டக்காரர்களுக்கு விலைபோனவர் அல்லர். ஆனால், விருந்தினராய்ச் சென்று ஆய்பவரின் கண்ணுக்குப் புலப்படாதது, பால்மரம் சீவியவளின் கைக்குத் தெரியும். அவளுடைய மொழியாகிய தமிழ் அவருக்குத் தாய்நிலத்து மொழியே. என்றாலும் அவருடைய புகழ்பெற்ற நா ஆங்கிலத்திலேயே பழகியிருந்தது.

இம்மொழி இடைவெளி பின்னும் ஒருமுறை வெளிப்பட்டது. 1935 முதல் 1940 வரை அவர் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1940இல் கலைச்சொல்லாக்க நெறிகளை வகுக்கச் சென்னை அரசு அவர் தலைமையில் குழு அமைத்தபோது, அது வடசொற்கே சார்பானது எனத் தமிழறிஞர்கள் கண்டனக் குரல் எழுப்பினர். தமிழ் கற்பிக்கும் என் போன்றோர் அக்கண்டனத்தின் பக்கமே நிற்போம். இன்று நாம் தமிழில் அறிவியல் பேசுகிறோம் என்றால் அதற்கு அக்குரலும் ஒரு காரணம்.

1946 ஏப்ரல் 17 அன்று சாஸ்திரியார் மறைந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் நோயுற்றிருந்த அவரைக் காந்தியடிகள் நேரிற் சென்று கண்டார்; கொள்கையால் பிரிந்த இருவரின் நட்பு இறுதிவரை பிரியவில்லை. பதினாறே மாதங்களில் நாடு விடுதலை பெற்றது. இந்தியாவின் தூதர்கள் தம் நாட்டுக்காகவே பேசும் நாளை அவர் காணவில்லை.

அவரைப் பேரரசின் துதிபாடி என ஒதுக்குவதும், வெள்ளி நாவினர் எனப் போற்றி அமைவதும் எளிய வழிகள். இரண்டும் வரலாறு ஆகா. எவர் பொருட்டுப் பேசுகிறோமோ அவருடைய வலிமை பின்நிற்கும்போதுதான் சொல் வெல்லும் என்பதற்கு அவருடைய தோல்விகள் சான்று. அத்தகைய வலிமை இல்லாத காலத்திலும், சொல் ஒரு பள்ளியையேனும் எழுப்பும் என்பதற்கு டர்பன் சான்று. சொல்லையே செல்வமாகக் கொண்ட நம் வட்டத்துக் கவிஞர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற்கொள்வார்களாக.