எமலோகம் வழியாக ஒரு ரயில்

ஜப்பானில் எமனுக்கு எம்மா என்று பெயர். வேறு யாருமில்லை, நம் எமதர்மராஜன்தான். பௌத்தத்தோடு சீனா போய், அங்கே நீதிபதியின் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தவர். எதிரே செத்தவன் செய்த பாவங்களைக் காட்டும் கண்ணாடி. பக்கத்தில் பேரேட்டோடு எழுத்தர்கள். சர்க்கார் உத்தியோகத்தில் காலமெல்லாம் கோப்பு புரட்டிய எனக்கு, இந்த எமலோகம் பழகிய இடமாகத்தான் தெரிந்தது!

இந்த எம்மாவை அச்சமும் சிரிப்பும் கலந்து வரைந்தவர் கவனபே கியோசாய் (1831–1889). சின்ன வயதிலேயே குனியோஷி என்ற பெரிய ஓவியரிடம் சீடனாகச் சேர்ந்தவர். பிறகு கானோ மரபில் முறையாகப் பயின்றார். சிறுவனாக இருந்தபோது ஆற்றில் மிதந்து வந்த ஒரு வெட்டுண்ட தலையை எடுத்துவந்து படம் வரைந்தார் என்று சொல்வார்கள். பேய்கள், எலும்புக்கூடுகள், புத்தர்கள் எல்லாம் அவர் தூரிகைக்கு ஒன்றுதான்.

1869இல் தோக்கியோவில் கத்சுதா கோஹெய் என்ற வியாபாரியின் மகள் தத்சு, 14 வயதில் இறந்துபோனாள். கோஹெய், கியோசாயை ஆதரித்து வந்தவர். மகளின் நினைவாக ஒரு படத்தொகுப்பு வரைந்து தரச் சொன்னார்.

செத்தவர்களுக்கு வரையும் படம் என்றால் நாம் என்ன நினைப்போம்? கியோசாய் வேறு மாதிரி வரைந்தார். அமிதாப புத்தர் வந்து சிறுமியை அழைத்துப் போகிறார். எமலோகத்தை அவள் ஊர் சுற்றிப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். எம்மாவையும் சந்திக்கிறாள். அவளை யாரும் தண்டிக்கவில்லை.

படங்கள் முடிவதற்குள் ஓவியருக்கே ஒரு நரகம் வாய்த்தது. 1870இல் ஒரு விருந்தில், குடிபோதையில் வரைந்த கேலிச்சித்திரம் அதிகாரத்தில் இருப்பவர்களை அவமதிக்கிறது என்று சிறையில் போட்டார்கள். அடுத்த ஆண்டு வெளியே வந்தவர், தன் பெயரை எழுதும் எழுத்தை மாற்றிக்கொண்டார். உச்சரிப்பு பழையதுதான். முன்பு அதில் 'பித்து' என்று பொருள்படும் எழுத்து இருந்தது, இப்போது 'விடியல்'.

1872இல் தொகுப்பு முடிந்தது. சிறுமி சொர்க்கத்துக்குப் போவது எதில் தெரியுமா? ரயிலில்! ஜப்பானில் தோக்கியோவுக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு அது. உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெண் ஆசையோடு ஏறியிருக்கக்கூடிய வண்டி. அவளுக்குக் கிடைக்காமல் போனதை ஓவியர் படத்தில் கொடுத்துவிட்டார்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1876இல் கிழக்கு நாட்டு மதங்களை ஆராய பிரெஞ்சு அரசின் சார்பில் ஜப்பான் போன எமீல் கிமேயும், உடன் சென்ற ஓவியர் ரெகமேயும் கியோசாயை அவர் வீட்டில் போய்ப் பார்த்தார்கள். ரெகமே கியோசாயை வரைந்தார். கியோசாய் ரெகமேயை வரைந்தார். கிமே திரட்டிய தெய்வ உருவங்களுக்காகப் பாரிசில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 1889இல். கியோசாய் காலமானதும் அதே ஆண்டில்தான்.

தெய்வங்களைக் கிண்டல் செய்தவருக்குப் பக்தி உண்டா என்று சிலர் கேட்கலாம். பிற்காலத்தில் அவர் தினமும் ஒரு கண்ணோன் உருவம் வரைவதை விரதமாகவே வைத்திருந்தார். கண்ணோன் என்பது அவலோகிதர். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் என்று நம் வீரசோழியம் சொல்லும் அதே அவலோகிதர்.

நம் வயதில், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த வீடு ஒன்றையாவது பார்க்காதவர் யார்? துக்கம் கேட்கப் போனால் வாயில் வார்த்தை வருவதில்லை. 'எல்லாம் விதி' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கியோசாய் அந்தத் தகப்பன் கையில் ஒரு தொகுப்பைக் கொடுத்தார். நினைத்தபோதெல்லாம் பிரித்து, தன் மகள் ரயிலேறிப் போவதை அவர் பார்த்துக்கொள்ளலாம்.